ஒரு தீவு, ரெண்டு கடல், ஒரே நாள்: ராமேஸ்வரம் கிளம்புறதுக்கு முன்னாடி

நம்ம சேலம், நாமக்கல் பசங்களுக்குத் தண்ணின்னா மேட்டூர், காவிரி, தோட்டத்துக் கிணறு. மலைன்னா ஏற்காடு, கொல்லிமலை. கடல் மட்டும் தூரம். அதனாலதான் செமஸ்டர் முடிஞ்சதும் "மச்சி, ராமேஸ்வரம் போலாம்டா" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கரூர், திண்டுக்கல், மதுரை வழியா சேலத்திலிருந்து சுமார் 400 கி.மீ. ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி எடுத்தால் விடியும்போது பாம்பன். ஒரே நாளில் பாலம், படகு, கோயில், தனுஷ்கோடி எல்லாம் முடிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும்: இந்தத் தீவுக்கு ரெண்டு கடல்.

ஆண் கடல், பெண் கடல்

தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே ஆழம் குறைவு, பல இடங்களில் 15 மீட்டர்கூட வராது. தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரையும் தாண்டும். அங்கிருக்கும் மீனவர்கள் வடக்குப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்குப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள்.

ஆனா "பெண் கடல் எப்பவும் அமைதி"ன்னு நினைச்சுடாதீங்க. எல்லாம் காற்றோட கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. தெற்குக் கடல் கொந்தளிக்கும், தீவு சுவர் மாதிரி மறைப்பதால் வடக்குக் கடல் அடங்கியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குக் காற்று. நிலைமை அப்படியே தலைகீழ். நீங்க போற மாசத்தில் எந்தப் பக்கம் அமைதியோ, அந்தப் பக்கம்தான் உங்க படகு.

காலை: பாலமும் படகும்

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தது. அதன் மேலிருந்து பார்த்தால் பக்கத்திலேயே ரயில் பாலம். 1914-ல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கதவு போல மேலே விரியும்; அதை ஆட்கள் கையாலேயே இயக்கினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலம் வேறு மாதிரி. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, லிஃப்ட் போல அப்படியே 17 மீட்டர் மேலே போகும். பல நூறு டன்னை மோட்டார் தனியாகத் தூக்குவதில்லை. இரண்டு கோபுரங்களிலும் எதிர் எடை தொங்குகிறது. அது கீழே இறங்க, பாலம் மேலே ஏறும். மோட்டாருக்கு மிச்ச வேலை கொஞ்சம்தான். மெக்கானிக்கல் பசங்க இங்கேயே அரை மணி நேரம் நிற்பீங்க, பரவாயில்ல. காற்று 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ரயிலே காற்றிடம் அனுமதி கேட்கிறது.

படகு, கயாக் எல்லாம் காலையிலேயே முடிச்சிடுங்க. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, மதியத்துக்கு மேல் கடல் காற்று வலுக்கும், அலையும் கூடும். தெற்கே இருக்கும் குருசடை, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. பவளப்பாறைப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதித்த படகில் மட்டும் போகணும். பவளத்தை மிதிக்கவோ, ஒடிச்சு எடுத்துட்டு வரவோ கூடாது. அது கல் இல்லை, உயிர்.

மதியம்: தனுஷ்கோடி

கோயில், சாப்பாடு முடிந்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் இந்த ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் மீட்டது இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு. இடிந்த சர்ச், ரயில் நிலையத்தின் மிச்சம் எல்லாம் இப்பவும் நிற்குது. அங்கே போய் ரீல்ஸ் எடுக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியில் அரிச்சல்முனை. இரண்டு கடலும் சேரும் இடம். குளிக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எங்க கேங்கில் ஒருத்தன் கிணத்து நீச்சலில் கில்லி. "முழங்கால் தண்ணிதானடா" என்று இறங்கினான். அலை திரும்பும்போது காலடி மணல் சர்ரென்று உருவ, உட்கார்ந்துவிட்டான். அடுத்த அலை அவனைப் புரட்டியது. நாங்கள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுத்தோம். ஓடி வந்த மீனவர் ஒருத்தர் கத்தினார்: "தம்பி, கெணத்துல தண்ணி நிக்கும்ப்பா. இது நடக்குற தண்ணி!"

அதுதான் விஷயம். கரைக்கு வந்த அலைத் தண்ணி, ஏதோ ஒரு குறுகிய வழியில் வேகமாகத் திரும்பும். எந்தக் கடற்கரையிலும் அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், தெம்பு போயிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு குறைந்ததும் கரைக்குத் திரும்புங்கள். நீச்சல் தெரியாதவன் காப்பாற்றக் குதிக்கக் கூடாது. கயிறோ, காலி கேனோ வீசணும்.

கிளம்பும் முன்

முந்தின நாள் வானிலை அறிவிப்பு பாருங்க. லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறாதீங்க. தண்ணி, தொப்பி, மாற்றுடுப்பு எடுத்துக்கோங்க. இருட்டுறதுக்குள்ள தனுஷ்கோடியை விட்டு வெளியே வந்துடுங்க. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டினவரைத் திரும்பும்போதும் ஓட்டச் சொல்லாதீங்க. இன்னொரு டிரைவர் வேணும்.

அந்தக் கில்லி இப்போ நல்லா இருக்கான். அடுத்த டூருக்கு லைஃப் ஜாக்கெட் லிஸ்ட் எழுதுறவன் அவன்தான்.