வாடிக்கையாளர் விவரம் நம் பொறுப்பு

பற்று நோட்டை அடுத்தவர் பார்க்கும்படி நாம் கல்லாவில் விரித்து வைப்பதில்லை. ஒருவர் பாக்கி ஊருக்குத் தெரிந்தால் அவர் மானம் போகும். நமக்கு வாடிக்கை போகும். செல்போன் எண்ணும் ஆதார் நகலும் அப்படித்தான். அவை கைமாறினால் மோசடிக்காரன் வங்கி அதிகாரி போலப் பேசிப் பணம் பறிப்பான்.

பில் போட செல்போன் எண்ணை வற்புறுத்திக் கேட்கக் கூடாதென மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அவ்வாண்டே வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கணினியில் உள்ள விவரங்களைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்திற்கு இடமளிக்கிறது.

குற்றாலம் சீசனுக்கு ஆள் சேர்க்கையில், ஆதாரின் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகலே போதும். பழைய நகல்கள் பொட்டலக் காகிதமாகாமல் கிழித்துவிடுவோம். நாணயமே நம் முதல்.