அரசின் கணக்கும் எண்ணூர்க் கழிமுகமும்

கடைக்குப் போய் வந்தால் அம்மாவிடம் மீதிச் சில்லறையோடு கணக்கையும் ஒப்புவிக்கிறோம் அல்லவா? மக்களின் வரிப்பணத்தில் அரசு திரட்டும் மழையளவு, காற்றின் மாசு, நில வரைபடம் முதலியவற்றை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவதும் அத்தகையதே. இதற்குத் ‘திறந்த அரசுத் தரவு’ என்று பெயர். 2012-ஆம் ஆண்டு மத்திய அரசு இதற்கெனக் கொள்கை வகுத்து, இணையதளமும் தொடங்கியது.

இதனால் நமக்கென்ன என்று தோழியர் கேட்கலாம். நம் எண்ணூரையே பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் மீனும் இறாலும் நண்டும் பிடித்துப் பல குப்பத்து மக்கள் பிழைக்கின்றனர். மழை வெள்ளம் வடிவதும் அவ்வழியேதான். கடலோர நிலங்களைக் காக்க வரைபடம் தயாரிக்குமாறு 1991-இல் மத்திய அரசு மாநிலங்களைப் பணித்தது. 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகத்தின் 6,469 ஏக்கர் பாதுகாக்கப்பட்ட பகுதியாகும். பிற்காலத்தில் அதிகாரிகள் காட்டியதோ வேறொரு வரைபடம். அதில் கழிமுகத்தையே காணோம்! கிணற்றைக் காணோம் என்று சிரித்திருக்கிறோம். இதற்குச் சிரிக்க முடியவில்லை. ஆர்வலர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுச் செய்து, வரைபடங்களைப் பெற்று ஒப்பிட்டனர். 2017-இல் பத்திரிகைகள் இதை எழுதின. அதற்குள் சதுப்பு நிலத்தில் பல இடங்கள் மண்ணாலும் சாம்பலாலும் தூர்ந்துவிட்டன.

2005-ஆம் ஆண்டின் அச்சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுக் கொடுத்தால் 30 நாட்களில் பதில் தரவேண்டும். ஆனால் மனுப் போட, அப்படியொரு தாள் இருப்பது முதலில் தெரிய வேண்டுமே! ஆகவேதான் அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேளாமலேயே விவரங்களை வெளியிடச் சொல்கிறது.

வெளியிடும் முறையும் முக்கியம். எண்களைப் புகைப்படமாகப் போட்டால் கணிப்பொறியால் எளிதில் கூட்ட முடியாது. அட்டவணையாகத் தந்தால்தான் பயன். இராயபுரத்திலும் மணலியிலும் உள்ள நிலையங்கள் அளக்கும் காற்று மாசு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் அவ்வாறே கிடைக்கிறது. நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டிய நாட்களை நாமே எண்ணிவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில மணி நேரங்களுக்கு எண்ணே இராது, அளவு கிடைக்காத நேரம் அது. அவ்விடத்தில் பூச்சியம் போட்டுச் சராசரி கண்டால், நம் ஊர்க் காற்று மலைக்காற்றைப் போலத் தோன்றிவிடும்.