பரண்மேல் வைத்த கடிதங்கள்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டைக் காப்பாற்றுவது எப்படி என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதை இந்தப் பெங்களூரில் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்ற பொங்கல் விழாவில் சங்கத்து நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "மூன்று மாதமாக வீட்டுத் தவணை கட்டவில்லை. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?" என்று மெல்லக் கேட்டார். அன்று அவருக்குச் சொன்னதை நம் குடும்பங்கள் அனைத்துக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

என் தந்தை குடியாத்தத்திலிருந்து பின்னி மில் வேலைக்காக இங்கே வந்தவர். ஸ்ரீராமபுரத்தில் ஒரே அறை வாடகை வீட்டில் எங்களை வளர்த்தார். "ஒரு சுவரில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறதே" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அந்த வார்த்தைக்காகவே 2014இல் தாசரஹள்ளிப் பக்கம் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு அடுக்குமாடி வீட்டை வாங்கினேன். விலை 35 லட்சம். ஊரில் இருந்த நிலத்தில் என் பங்கை விற்று, மனைவியின் நகைகளில் பெரும்பகுதியையும் விற்று 7 லட்சம் புரட்டினோம். மீதி 28 லட்சம் கடன். 20 வருடம், மாதம் 27,300 ரூபாய். பீன்யாவில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளர் வேலை. மனைவிக்குத் தையல் வருமானம். ஆறு வருடம் ஒரு தவணைகூடத் தவறவில்லை.

அந்த ஆறு வருடத்தில் கட்டியது 19 லட்சத்துக்கு மேல். ஆனால் அசலில் குறைந்திருந்தது மூன்றரை லட்சம் சொச்சம்தான்! ஆரம்ப வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

தள்ளிவைப்பும் தள்ளுபடியும்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. அந்த மாதம் 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. "ஆறு மாதத் தவணை போயிற்று" என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். அது தள்ளிவைப்புத்தானே தவிர தள்ளுபடி அல்ல. அந்த ஆறு மாத வட்டியும் அசலோடு சேர்ந்தது. அந்தக் காலத்து வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் வட்டி வட்டிதான். அதை யாரும் தள்ளுபடி செய்யவில்லை.

தொழிற்கூடம் திறந்தபோது பாதிச் சம்பளம். 2020 டிசம்பரோடு அதுவும் நின்றது. 2021 ஜனவரி முதல் தவணை கட்டவில்லை. முதலில் குறுஞ்செய்திகள் வந்தன. பிறகு தொலைபேசி அழைப்புகள். புது எண் என்றாலே எடுக்க மாட்டேன். பிறகு பதிவுத் தபால்கள். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரிக்காமலே குக்கர் வந்த அட்டைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்தேன். வேலை கிடைத்ததும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம், அதுவரை வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது என் எண்ணம். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு வசூலுக்கு என்று இருவர் வந்து வாசலில் சத்தம் போட்டார்கள். "கிரெடிட் கார்டு ஆட்கள், தவறான விலாசம்" என்று மனைவியிடம் பொய் சொன்னேன்.

2021 அக்டோபரில் ஒரு மாலை, எங்கள் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் அச்சடித்திருந்தார்கள். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த என் மகள் கல்லூரியிலிருந்து வந்து, வாசலில் நின்றபடியே அதை எழுத்துக்கூட்டாமல் படித்தாள். பாதியில் நிறுத்தி, "அப்பா, இதுல உங்க பேரு போட்டிருக்கு. வீட்டைப் பேங்க் எடுத்துக்கிச்சுன்னு எழுதியிருக்கு" என்றாள். உள்ளேயிருந்து வந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

நாட்கணக்கு

கீழ்த்தளத்தில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருந்தார். கன்னடக்காரர், எங்கள் குடும்பத்தின் மீது அன்புள்ளவர். அன்றிரவே எல்லா உறைகளையும் அவர் மேசையில் தேதிவாரியாக அடுக்கினோம். ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு அவர் சொன்னதைத்தான் கீழே எழுதுகிறேன். வீட்டுக் கடன் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, அடமானம் வைத்த வீட்டை எடுத்து விற்க வங்கி முதலில் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டியதில்லை. வீட்டுவசதிக் கடன் நிறுவனங்களுக்கும் இந்த அதிகாரம் உண்டு. ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு நாட்கணக்கு இருக்கிறது.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன்பின் சட்டத்தின் 13(2) பிரிவின்படி நோட்டீஸ் வரும். மொத்தக் கடனையும் 60 நாட்களுக்குள் கட்டச் சொல்லும். இந்த 60 நாட்கள்தான் பொன்னான நாட்கள். நம் ஆட்சேபத்தையோ கோரிக்கையையோ எழுத்தில் கொடுத்தால், அதை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று 15 நாட்களுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். என் 60 நாட்கள் குக்கர் பெட்டிக்குள்ளேயே கழிந்துவிட்டன.

அதன்பின் சுவாதீன நோட்டீஸ். அதைக் கதவில் ஒட்டுவார்கள். இரண்டு நாளிதழ்களிலும் வெளியிடுவார்கள். அவற்றில் ஒன்று அந்த வட்டார மொழியில் இருக்க வேண்டும். பெங்களூரில் அது பெரும்பாலும் கன்னடம். தமிழ்ப் பத்திரிகை மட்டும் படிக்கிறவர் வீட்டில் அது யார் கண்ணிலும் படாமல் போகலாம். இது பெரும்பாலும் காகித அளவிலான சுவாதீனம்தான். அன்றே யாரும் நம் பாத்திரங்களைத் தெருவில் வைக்க முடியாது. நாமாக வெளியேறாவிட்டால், வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைப் பெருநகர நடுவரிடமோ உத்தரவு பெற வேண்டும்.

வங்கியின் நடவடிக்கை தவறென்றால், 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது பெங்களூரிலேயே இருக்கிறது. அதற்கு மேல்முறையீடு சென்னையில். முதலில் இந்தச் சட்டம், தீர்ப்பாயத்துக்குப் போகவே கேட்ட தொகையில் 75 சதவீதத்தைக் கட்டச் சொன்னது. 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. மேல்முறையீட்டுக்கு மட்டும் இன்றும் பாதித் தொகை கட்ட வேண்டும். அதைக் கால்பங்கு வரை குறைக்கலாம்.

ஏலத்துக்கு முன் கடன்காரருக்கு 30 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும். பணம் கட்டி வீட்டை மீட்கும் உரிமை முன்பு விற்பனை நாள் வரை இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியானதுமே அந்த உரிமை முடிந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. "ஏலத்துக்கு முதல் நாள் பணத்தோடு போய் நிற்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்தால் மிச்சம் நமக்குத்தான் வரும். குறைந்தால் அந்தக் குறையையும் நம்மிடமே கேட்பார்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் வீட்டை விட்டுக்கொடுத்தால் கடன் அதோடு முடிவதுண்டு. இங்கே சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தாலும் கடன் நம்மோடுதான் வரும்.

நாங்கள் செய்தது

மறுநாள் நானும் மனைவியும் வங்கிக்குப் போனோம். அங்கிருந்தவர் முதலில் கடிந்துகொண்டார். "இத்தனை மாதம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நிலுவையை முழுவதும் கட்டினால் கணக்கைச் சரிசெய்யலாம் என்றார்கள். பத்து மாத நிலுவை 2,73,000 ரூபாய்; அபராதமும் செலவும் தனி. அவ்வளவு பணம் புரட்ட வழியில்லை. கந்துவட்டிக்கு வாங்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். மனைவி கண்டிப்பாக வேண்டாம் என்றாள். இன்று நினைத்தாலும் அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

நாங்களே விற்பது என்று முடிவு செய்தோம். 60 நாள் நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. எனவே அந்தச் சம்மதத்தைக் கேட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம். வங்கி மதிப்பீட்டாளர் போட்ட விலை 36 லட்சம். நாங்கள் தேடிப் பிடித்தவர் 43 லட்சத்துக்கு வாங்கினார். 2022 பிப்ரவரியில் வாங்கியவரின் வங்கியே எங்கள் கடன் 28 லட்சத்தை நேராகக் கட்டியது. கைமாற்று, சீட்டு பாக்கி, தரகு எல்லாம் போக 11 லட்சம் நின்றது. ஏலத்துக்கு விட்டிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

அதில் 6 லட்சத்தைக் கொடுத்து லக்கெரேயில் ஒரு சிறு வீட்டைப் போக்கியத்துக்கு எடுத்தோம். மீதி மகள் படிப்புக்கு. எனக்கும் வேறொரு தொழிற்கூடத்தில் வேலை கிடைத்தது. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "வீடு போனது போகட்டுங்க. முதல் மூணு மாசத் தவணை எண்பத்திரண்டாயிரம்தானே? என் கை வளையலை வெச்சாலே போதுமே. எங்கிட்ட சொல்லாம பெட்டியில போட்டு மூடினீங்களே, அதுதான் தாங்கல" என்றாள். வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட்டபோது வராத கண்ணீர் அப்போது வந்தது.

நம் குடும்பங்களுக்கு

தவணை தவறும் என்று தெரிந்த உடனேயே, தவறுவதற்கு முன்பே, வங்கிக்குப் போங்கள். காலத்தை நீட்டவோ தவணையை மாற்றியமைக்கவோ எழுத்தில் கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போனவர்கள் புது விலாசத்தை வங்கிக்குத் தெரிவியுங்கள். கதவில் ஒட்டிய காகிதத்தைக் குடியிருப்பவர் கிழித்துப் போட்டாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ வரும் கடிதம் புரியவில்லையென்றால் பக்கத்து வீட்டாரிடமாவது, பிள்ளைகளிடமாவது படிக்கச் சொல்லுங்கள். நம் சங்கத்திலும் படித்துச் சொல்ல ஆள் உண்டு.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாட்களில் தீர்வில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணையத்தை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. எனவே மனைவி பெயரும் கடனில் இருந்தால் அவரே விண்ணப்பிக்கலாம்.

கடனை முழுதாக அடைத்தவர்களுக்கு மூலப்பத்திரங்களை வங்கி 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியினுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அது தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

பொங்கல் விழாவில் கேட்ட அந்த நண்பர் அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டார். மறுவாரம் கணவனும் மனைவியுமாக வங்கிக்குப் போனார்கள். 60 நாள் நோட்டீஸ் இன்னும் வரவில்லை. தவணைக் காலத்தை நீட்டித் தருவது பற்றிப் பேச்சு நடக்கிறது. அவருக்கு வீடு நிலைக்கட்டும். இதைப் படிக்கும் வேறு யார் வீட்டுப் பரணிலாவது பிரிக்காத உறை இருந்தால், இன்று இரவே இறக்கி, இருவருமாக உட்கார்ந்து பிரித்துப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.