கண்ணீர் வற்றிய கண்கள்

களையெடுக்கும் பெண்கள் சிலர், கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது, வெயிலில் விழிக்க முடியவில்லை என்பர். தூசி என்று நாம் தள்ளிவிடுகிறோம். அத்துடன் வாயும் உலர்ந்து, தண்ணீரின்றிச் சோறு இறங்காவிடில், அது ஷோக்ரன் நோயாக இருக்கலாம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குவதால் வருவது இது. ஸ்வீடன் தேசத்துக் கண் மருத்துவர் ஷோக்ரன் 1933-இல் விளக்கினார். நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் பெண்களே.

கீழிமையில் காகிதத் துண்டொன்றைச் செருகி, 5 நிமிஷத்தில் எவ்வளவு நனைகிறது என்று மருத்துவர் பார்ப்பார். அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும், பக்கங்களை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியும், தலையில் முக்காடும் இருப்பின் வயல் வேலையைத் தொடரலாம். தாய்ப்பாலோ இலைச்சாறோ ஊற்றலாகாது. மருத்துவர் சீட்டின்றி வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருப்பின் பார்வையே கெடக்கூடும்.

கண் முகாமுக்குப் புரை விழுந்த முதியோரை அழைத்துவரும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், இப்பெண்களையும் உடன் அழைத்துவர வேண்டுகிறேன்.