காலம் என்றால் எந்தக் காலம்?

அம்பத்தூர், ஆவடி பக்கத்து இ-சேவை மையங்களில் ஒரு வாசகம் அடிக்கடி காதில் விழும். "பாய், இந்தக் காலத்தை காலியா விடாதீங்க, சிஸ்டம் எடுக்காது." எழுத்தில் பார்த்தால் நேரத்தைக் குறிக்கும் நம் 'காலம்' என்ற சொல்லும், ஆங்கிலத்திலிருந்து வந்த இந்தக் 'காலமும்' ஒன்றுபோலவே இருக்கின்றன.

ஒரே வீட்டுக்குள் இந்தச் சொல் எத்தனை வேடம் போடுகிறது பாருங்கள். புது வீடு கட்டும் அத்தாவின் கையிலுள்ள வரைபடத்தில் அது பில்லர். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில், அணிகள் பாடத்தில், அது 'நிரல்'. அதே பிள்ளை மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தால் அங்கே 'நிரல்' என்பது கணினிக்கு நாம் எழுதித்தரும் புரோகிராம். நெட்டுவாக்கில் போகும் கட்ட வரிசைக்கு அங்கே 'நெடுவரிசை' என்று பெயர். விஸ்காம் படிக்கும் அக்காவுக்கோ அது திரைக்கதைத் தாளின் இடது பாதி, வலது பாதி. பிள்ளைகள் குழம்புவதில் வியப்பில்லை.

லத்தீன் மொழியில் 'கொலும்னா' என்றால் தூண். தாளில் மேலிருந்து கீழாக நிற்கும் எழுத்துப் பட்டை தூணைப்போல் தெரிந்ததால் அதற்கும் அந்தப் பெயரே நிலைத்தது. அரபியிலும் அப்படித்தான். மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு 'அமூத்' என்றால் தூண் என்று தெரியும். இன்றைய அரபுப் பத்திரிகையில் பத்தி எழுத்தும் அமூத், அட்டவணையின் நெடுவரிசையும் அமூத். தமிழ்தான் தூண், பத்தி, நிரல் என்று தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. சொல்வளம் நல்லதுதான். ஆனால் இவை எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்த பொருள்கள் என்பது நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

முதலில் கல்லில் நிற்கும் தூண். கலை படிப்பவர்கள் தூணை அடி, உடல், தலை என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். தலைக்கு மேல் உத்தரத்தைத் தாங்கும் உறுப்பை நம் சிற்பிகள் போதிகை என்பார்கள். நம் பகுதியில் குடியேறியவர்களில் சிலருக்குக் கீழக்கரை சொந்த ஊராக இருக்கும். அங்குள்ள பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல் தூண்கள் தமிழகச் சிற்பிகளின் கைவண்ணத்தில் உருவானவை. கோயில் மண்டபத் தூணின் அதே அமைப்புதான். மனித, விலங்கு உருவங்கள் மட்டும் இருக்காது, அவற்றின் இடத்தில் பூக்களும் கோடுகளும் இருக்கும். ஸ்பெயினில் கொர்தோபா பள்ளிவாசலை 8ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியவர்கள் பழைய ரோமானியக் கட்டடங்களின் தூண்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அவை குட்டையாக இருந்ததால் கூரையை உயர்த்த வளைவின் மேல் இன்னொரு வளைவை ஏற்றினார்கள். இன்று உலகமே படமெடுக்கும் அந்தச் சிவப்பு வெள்ளை இரட்டை வளைவுகள் ஒரு பற்றாக்குறையைச் சமாளிக்கப் பிறந்தவை. அங்கே இன்றும் 850க்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன.

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் முதலில் இருந்தவை பேரீச்ச மரத்தின் அடிமரங்கள். உம்ரா சென்று வந்தவர்கள் ரவ்ளாவில் தூண்களின் மேல் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அபூலுபாபா (ரலி) தம்மைக் கட்டிக்கொண்ட தூண், ஆயிஷா (ரலி) பெயரிலான தூண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அங்கே தூண் கூரையோடு சேர்த்து நினைவையும் தாங்குகிறது.

பத்திரிகைக்கு வருவோம். வரி மிக நீளமாக இருந்தால், கண் அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும்போது வழி தவறும். அதனால்தான் பெரிய தாளைப் பட்டை பட்டையாகப் பிரித்தார்கள். பத்திரிகை அலுவலகங்களில் 'எட்டு காலம் தலைப்பு' என்றால் தாளின் முழு அகலத்துக்கும் ஓடும் பெரிய செய்தி. ஒருவருக்கு ஒதுக்கிய பட்டையில் அவரே தொடர்ந்து எழுதியதால் அந்த எழுத்துக்கும் 'காலம்' என்றே பெயர் வந்தது. அதையே நாம் பத்தி என்கிறோம்.

படையிலும் இச்சொல் உண்டு. நீள வரிசையில் நகரும் படைப்பிரிவுக்கு அதே பெயர்தான். 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, நான்கு படைகள் மாட்ரிட் நகரை நோக்கி வருகின்றன, ஐந்தாவது படை நகருக்குள்ளேயே இருக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. ஜெனரல் மோலா என்பவர் சொன்னதாகக் கூறுவார்கள். நம் மேடைகளில் முழங்கும் 'ஐந்தாம்படை' அதன் தமிழாக்கம். சிறுபான்மை மக்கள்மீது இந்தச் சொல்லை வீசுவது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 1942இல் அமெரிக்கா, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை இந்தச் சந்தேகத்தின் பெயரில் முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் இழப்பீடும் அளிக்கும் சட்டம் வர 1988 ஆயிற்று.

சினிமா எழுத்தில் இது எளிய விஷயம். தாளை நெட்டுவாக்கில் இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் கண்ணில் தெரிவதையும் வலப்பக்கம் காதில் கேட்பதையும் எழுதுவார்கள். தமிழ் சினிமாவில் பழைய வசனத் தாள்கள் பலவும் இப்படித்தான் இருந்தன. இன்றும் ஆவணப்படத்துக்கும் விளம்பரத்துக்கும் இந்த முறை கைகொடுக்கிறது. ஒரே கிடைவரியில் எதிரெதிரே இருப்பவை ஒரே நேரத்தில் நிகழ்பவை. கேமராக்காரர் இடதைப் பார்ப்பார், ஒலிப்பதிவாளர் வலதைப் பார்ப்பார். பள்ளிவாசல் யூடியூப் பக்கத்துக்கு ஜகாத் கணக்கு பற்றி மூன்று நிமிட வீடியோ எடுக்க நினைக்கும் இளைஞர்கள் இப்படி ஒரு தாள் எழுதிப் பார்க்கட்டும். வலப்பக்கம் நிரம்பி வழிந்து இடப்பக்கம் 'ஹஜ்ரத் பேசுகிறார்' என்று மட்டும் இருந்தால், அது வீடியோவாக அல்ல, ஆடியோவாக வரவேண்டியது என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நமக்கு உண்மையில் வலி தருவது மென்பொருளின் காலம்தான். எக்செல் தாளில் இன்று 16,384 நெடுவரிசைகள் உண்டு. 2007க்கு முந்தைய பதிப்புகளில் 256 மட்டுமே. எண்ணிக்கையை விட முக்கியமானது, ஒரு நெடுவரிசையில் ஒரே வகைத் தகவல்தான் இருக்க வேண்டும் என்ற விதி. எண் என்று நினைத்துவிட்டால் எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைக்காது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். அந்த நெடுவரிசையை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுத் தட்டுவதே வழி.

நமக்குத் தெரிந்த ஒரு மஹல்லாவில் ஒரு ரமலானில் நடந்தது இது. ஃபித்ரா அரிசிப் பட்டியலில் பெயர், தெரு, குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை, அரிசி அளவு என்று நான்கு நெடுவரிசைகள். பெயர்களை அகர வரிசையில் அடுக்க நினைத்த தம்பி முதல் நெடுவரிசையை மட்டும் தேர்வு செய்து அடுக்கிவிட்டார். பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்டது, அவர் வேண்டாம் என்று அழுத்திவிட்டார். பெயர்கள் இடம் மாறின, மற்றவை நின்ற இடத்திலேயே நின்றன. நான்கு பிள்ளைகளோடு இருக்கும் விதவைத் தாய்க்கு ஒரு ஆள் அளவும், தனியாக இருக்கும் பெரியவருக்கு ஆறு பேர் அளவும் டோக்கன் ஆயிற்று. பெருநாள் இரவில் பழைய கை நோட்டு கிடைத்ததால் சரிசெய்ய முடிந்தது. அமானிதப் பட்டியலுக்கு ஒரு கை நோட்டும் இருப்பது பழைய பழக்கமாக இருக்கலாம், நாம் அதன் பக்கம்தான்.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர். ஆனால் உலகில் பல மென்பொருள்கள் பெயரை இரண்டு நெடுவரிசைகளாக எதிர்பார்க்கின்றன. அதை வடிவமைத்தவர் இரண்டாவதை 'காலியாக இருக்கக் கூடாது' என்று அமைத்திருந்தால், மைய ஊழியர் என்ன செய்வார்? கைக்கு வந்ததைப் போடுவார். முதலெழுத்தைப் போடுவார், அல்லது 'முஹம்மது இப்ராஹிம்' என்ற ஒரே பெயரை இரண்டாக உடைப்பார். பான் அட்டை விண்ணப்பமோ முதலெழுத்தை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். ஆக, ஒரே பிள்ளைக்கு மூன்று ஆவணத்தில் மூன்று பெயர்.

இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரைக் காலியாக விட அனுமதி உண்டு. சிக்கல் வெளியே போகும்போது வருகிறது. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் ஏற்கமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள்.

எழுத்துக்கூட்டலும் தனிக்கதை. முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் உயிர் 'யு'வா 'ஓ'வா, நடுவில் 'எம்' ஒன்றா இரண்டா என்பது நமக்குச் சின்ன விஷயம். கணினிக்கு ஒவ்வொன்றும் வேறு ஆள். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4இல் வாக்காளர் பட்டியலின் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கியபோது, பழைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடிய குடும்பங்களுக்கு இந்த வலி புரிந்திருக்கும்.

எனவே பிறப்புச் சான்றிதழில் பெயர் பதியும்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்தச் சொல் பிள்ளையின் பெயர், எது தந்தையின் பெயர், ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் என்ன எழுத்து என்று ஒரு தாளில் எழுதி, பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் மூன்றுக்கும் அந்தத் தாளையே எடுத்துச் செல்லுங்கள். தந்தை பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டால் நாளை துபாய் அலுவலகத்தில் பிள்ளையை 'மிஸ்டர் ஷாகுல் ஹமீது' என்று அத்தா பெயரில்தான் கூப்பிடுவார்கள். அதற்கும் இப்போதே தயாராக இருங்கள். சமர்ப்பிக்கும் பொத்தானை ஊழியர் அழுத்துவதற்கு முன், திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு கட்டத்தையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.