நண்பனின் நோய் தொற்றுமா?

மீஞ்சூரில் ஓர் ஆரம்பப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் வகுப்பில் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு சிறுவர்கள். அவர்களுள் ஒருவன் ஒரு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை. விடாத காய்ச்சல், உடல் வெளிறல், கால் வலி. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து, இரத்தப் புற்றுநோய் என்கிறார்கள். செய்தி தெருவுக்கு வந்ததும் மற்றவனின் வீட்டில், "அந்த வீட்டுப் பக்கம் போகாதே" என்று சொல்லிவிடுகிறார்கள். ஏன் என்று மட்டும் அவனிடம் யாரும் சொல்லவில்லை.

இப்படித் தடுப்பது சரிதானா? அறிவியல் என்ன கூறுகிறது?

நோய் எவ்வாறு உண்டாகிறது?

இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. அங்கே ஓர் இளம் அணுவின் மரபணுவில் மாறுதல் நேர்ந்து, அது முதிர்ச்சி அடையாமலே பெருகத் தொடங்கினால் இரத்தப் புற்றுநோய் ஏற்படுகிறது. பயனற்ற அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்ள, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது. சிவப்பணு குறைந்தால் சோகை. தட்டணு குறைந்தால் இரத்தக் கசிவு. நல்ல வெள்ளணு குறைந்தால் அடிக்கடி காய்ச்சல்.

இது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோயன்று. நோயுற்ற குழந்தையைத் தொட்டாலும் அருகில் அமர்ந்து விளையாடினாலும் வராது.

ஆபத்து யாருக்கு?

நலமாயுள்ள பெரியவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வெள்ளணுக்கள் உண்டு. புற்றணுக்களை அழிக்கும் மருந்துகள் நல்ல வெள்ளணுக்களையும் குறைத்துவிடுவதால், சிகிச்சை நாட்களில் இந்த எண்ணிக்கை 1,000-க்கும் கீழே இறங்கக்கூடும். அப்போது நம் வீட்டுப் பிள்ளையின் சாதாரணச் சளிகூட நோயுற்ற பிள்ளைக்குப் பெருந்துன்பமாகலாம். சின்னம்மையும் தட்டம்மையும் உயிருக்கே உலை வைக்கும்.

ஆகவே அஞ்ச வேண்டியது எதிர்த்திசையில்! வகுப்பில் யாருக்காவது அம்மை கண்டால், வேப்பிலை செருகியதோடு நிறுத்திவிடாமல், நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்கு அன்றே சொல்லி அனுப்புங்கள். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். தடுப்பு மருந்தைச் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பயன் உண்டு.

குழந்தை என்ன நினைக்கிறது?

ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு எண்ணத்துக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியாது. முதல் நாள் நண்பனோடு 'காய்' விட்ட குழந்தை, தன்னால்தான் அவனுக்கு நோய் வந்தது என்று தனக்குள் அஞ்சலாம். பெரியவர்களின் மௌனம் அந்த அச்சத்தை வளர்க்கும்.

மறைத்தாலும் குழந்தைகள் அறிந்துகொள்வார்கள். இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளோடு ஓர் அமெரிக்க மருத்துவமனையில் பழகி ஆராய்ந்த மைரா புளுபாண்ட்-லாங்னர், 1978-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். யாரும் சொல்லாமலே அக்குழந்தைகள் தங்கள் நிலையை உணர்ந்திருந்தனர். பெற்றோர் வருந்துவரே என்று தெரியாததுபோல் நடந்துகொண்டனர்.

ஆகவே எளிய சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள்: "அவனோட இரத்தத்துல பெரிய நோய் வந்திருக்கு. இரத்தப் புற்றுநோய்னு பேரு. நீ செஞ்சதாலயும் வரல, அவன் செஞ்சதாலயும் வரல. உனக்கு ஒட்டாது. மருந்து குடுக்கறாங்க. சரியாக ரொம்ப நாள் ஆகும். முடி கொட்டும், அப்புறம் முளைக்கும்."

"அவன் செத்துப் போவானா?" என்று குழந்தை கேட்டால் அதட்டாதீர்கள். "நிறையப் பேருக்குக் குணமாகுது. அவனுக்கும் குணமாகணும்னுதான் டாக்டருங்க பாடுபடறாங்க. எதுவா இருந்தாலும் உங்கிட்ட சொல்றேன்" என்பதே நேர்மையான விடை.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் தம் குழுவினரோடு உருவாக்கிய அமினாப்டெரின் என்ற மருந்தை 1947-48-இல் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதன் உறவான மெதோட்ரெக்ஸேட் இன்றும் பயன்படுகிறது. நம் நாட்டில் அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகியவை 1984-இல் தொடங்கிய கூட்டுச் சிகிச்சை முறை, பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையை வெகுவாக உயர்த்தியது. செல்வ நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கின்றனர்.

நட்பு அறுந்துவிடாமல்

சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். மீஞ்சூரிலிருந்து எழும்பூருக்கோ அடையாறுக்கோ ரயிலும் பேருந்துமாக மாறிமாறி அலையும் பிள்ளைக்கு, வகுப்பு தன்னை மறக்கவில்லை என்பது பெரிய தெம்பு. உங்கள் குழந்தை ஒரு படம் வரைந்து அனுப்பட்டும். கைபேசியில் முகம் பார்த்துப் பேசட்டும். மருத்துவர் அனுமதிக்கும் நாளில், சளி, காய்ச்சல் இல்லாதபோது, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு நேரில் போகட்டும். ஒரே குவளையில் இருவரும் குடிக்க வேண்டாம். மொட்டைத் தலையையும் உப்பிய முகத்தையும் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டால் கேலியும் மிரட்சியும் எழா.

நண்பன் பிழைக்காமல் போனால்? "ஊருக்குப் போயிருக்கான்", "தூங்கறான்" என்று சொல்லாதீர்கள். ஹங்கேரியில் மரியா நாகி குழந்தைகளிடம் நடத்தி 1948-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பலர் சாவைப் பயணம் அல்லது உறக்கம் என்றே எண்ணியது தெரியவந்தது. ஊருக்குப் போனவனுக்காகக் குழந்தை காத்திருக்கும்; உறங்கவே அஞ்சவும் கூடும். "இறந்துட்டான், இனி வரமாட்டான்" என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள். அழுதால் அழ விடுங்கள். உங்களுக்கும் அழுகை வந்தால் மறைக்க வேண்டாம்.

உங்கள் தெருவிலோ வகுப்பிலோ இத்தகைய பிள்ளை இருந்தால், அவன் வீட்டு வாசலைத் தவிர்க்காதீர்கள். "இன்றைக்கு வரலாமா?" என்று அவன் தாயாரைக் கேளுங்கள்.