எதிரொலி எங்கே கசிகிறது?

அலுவலகத்தில் புதிதாக வைத்த இணையத் தொலைபேசியில் ஒருவர், “ஹலோ, சொல்லுங்க சார்” என்கிறார். கால் விநாடி கழித்து அவர் குரலே ரிசீவருக்குள் “சொல்லுங்க சார்” என்று திரும்பி வருகிறது. மறுமுனையில் இருப்பவருக்கோ எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. நம்மவர் போனைத் தட்டிப் பார்க்கிறார், ஒயரை மாற்றுகிறார், இணைய இணைப்பு கொடுத்தவரைத் திட்டுகிறார். மூன்றும் வீண். தொலைபேசித் துறையில் இதற்கொரு பால பாடம் உண்டு: எதிரொலி யார் காதில் விழுகிறதோ அவருடைய போனில் பழுது இல்லை, எதிர்முனையில் தேட வேண்டும்.

அவர் குரல் எதிர்முனை வரை போய், அங்கே எங்கோ கசிந்து, மற்றவரின் குரல் வரும் பாதையில் ஏறித் திரும்பிவிடுகிறது. கசியும் இடங்கள் இரண்டு. ஒன்று காற்று: மறுமுனை ஸ்பீக்கரில் ஒலிப்பதை அங்குள்ள மைக்கே பிடித்து அனுப்பிவிடும். இன்னொன்று செப்புக் கம்பி. லேண்ட்லைனில் வீட்டுக்கு வருவது ஒரே ஜோடிக் கம்பிதான். போகிற பேச்சும் வருகிற பேச்சும் அதிலேயே ஓடும். இணையத்திலோ இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. இவை சந்திக்கும் இடத்தில் ‘ஹைப்ரிட்’ என்ற மின்சுற்று இரண்டையும் பிரித்துவிடுகிறது. கம்பியின் இம்பிடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்குக் கம்பி தரும் தடை) இவ்வளவு இருக்கும் என்று வைத்துக்கொண்டு அது வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு கம்பியும் நீளத்திலும் தடிமனிலும் வேறுபடும். கணக்கு எவ்வளவு பிசகுகிறதோ அவ்வளவு குரல் கசியும்.

இந்தக் கசிவு பழைய லேண்ட்லைனிலும் இருந்தது. உள்ளூர் அழைப்பில் சில மில்லி விநாடிகளிலேயே திரும்பிவிட்டதால் பேசுகிற குரலோடு கலந்து மறைந்தது. போய்வரும் நேரம் சுமார் 25 மில்லி விநாடிக்குள் இருந்தால் காது அதைத் தனியாகப் பிரித்துணர்வதில்லை. இணையத் தொலைபேசி குரலைப் பொதுவாக விநாடிக்கு 8,000 முறை அளந்து, பெரும்பாலும் 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட்டாகக் கட்டி அனுப்புகிறது. முன்னும் பின்னுமாக வந்து சேரும் பாக்கெட்டுகளை மறுமுனை சற்றுத் தேக்கி வைத்துத்தான் ஒலிக்க விடும். பயண நேரமும் சேர்ந்தால், போய்வர 100 மில்லி விநாடி எளிதில் தாண்டிவிடும். ஆக, எதிரொலியை இணையம் உண்டாக்கவில்லை, தாமதத்தால் அம்பலப்படுத்தியது.

இதே சங்கடம் 1965-இல் ஏவப்பட்ட ‘எர்லி பேர்ட்’ செயற்கைக்கோளிலும் இருந்தது. அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் நடுவே பேச்சு சுமார் 36,000 கி.மீ. ஏறி இறங்கியது; எதிரொலி திரும்பி வர அரை விநாடி பிடித்தது. அதுவரை கையில் இருந்த வைத்தியம், ஒருவர் பேசும்போது எதிர்ப் பாதையை அடைத்துவிடுவது. குறுக்கே பேசினால் சொல் அறுந்துபோகும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேறு யோசனை பிறந்தது: அடைக்காமல் கழித்துவிட்டால் என்ன? ஜான் கெல்லி, பென் லோகன் ஆகியோரோடு இதில் முன்னோடியாக இருந்தவர் மன் மோகன் சோந்தி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். இந்த முறையை விளக்கும் அவரது ஆய்வுக் கட்டுரை 1967-இல் வெளியானது.

இந்த முறையில், கசிவு நடக்கும் முனையில் உள்ள கருவி, வந்து சேரும் குரலை நகலெடுத்துக்கொள்ளும். அது எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு தேய்ந்து திரும்பும் என்று ஊகித்து ஒரு போலி எதிரொலியை உருவாக்கி, திரும்புகிற ஒலியிலிருந்து கழிக்கும். மிச்சம் தங்கினால் ஊகம் தவறு. திருத்திக்கொண்டு மறுபடி கழிக்கும். 128 மில்லி விநாடி நீள எதிரொலிக்கு 1,024 எண்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் விநாடிக்கு 8,000 தடவை பெருக்க வேண்டும். விநாடிக்குச் சுமார் 82 லட்சம் பெருக்கல்கள். திருத்தும் கணக்கு தனி. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் பாடம் குழம்பிவிடும் என்பதால், அப்போது மட்டும் கற்பதை நிறுத்தி வைக்கும்.

இது புரிந்தால் கோளாறைப் பிடிப்பது எளிது. அழைப்பின் முதல் ஓரிரு விநாடி மட்டும் எதிரொலித்தால், கருவி இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது, விட்டுவிடலாம். நிற்கவே இல்லையென்றால் மறுமுனைக்காரரை ‘மியூட்’ அழுத்தச் சொல்லுங்கள். நின்றால் காற்றுவழிக் கசிவு: அவர் ஸ்பீக்கரைக் குறைக்கட்டும், அல்லது ஹெட்செட் மாட்டட்டும். நிற்காவிட்டால் கம்பிவழிக் கசிவு. எக்ஸ்டென்ஷனுக்கு எக்ஸ்டென்ஷன் சுத்தமாகக் கேட்டு, வெளி லேண்ட்லைனில் மட்டும் எதிரொலித்தால், இணையமும் செப்புக் கம்பியும் சேரும் கேட்வேயைப் பாருங்கள். எதிர்முனை என்றால் எதிராளியின் வீடு என்று கட்டாயமில்லை. உங்கள் அலுவலக அலமாரிக்குள்ளேயே அது இருக்கலாம். அதில் இம்பிடன்ஸ் 600 ஓம் என்றே விடப்பட்டிருந்து, வெளியே இருக்கும் லைனுக்கு அது பொருந்தாமல் போயிருக்கலாம்.

குரல் சன்னமாக இருக்கிறதென்று கேட்வேயில் ஒலியளவை ஏற்றுவது வினையை விலைக்கு வாங்குவதுதான். கசிவும் கூடவே பெருகும்; ஒலி அளவு மீறிச் சிதைந்தால், போலியும் அசலும் ஒத்துப்போகாமல் கழித்தலே தோற்றுவிடும். இணைய வேகத்துக்குக் கூடுதலாகப் பணம் கட்டினாலும் தாமதம் கொஞ்சம் குறையுமே தவிர, கசிவு அடைபடாது. முதலில் ஒலியளவை இரண்டு படி இறக்கிப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.